எந்த மகன்

பெட்ரோல் பங்கில் வண்டி நின்றிருந்தது. என் தம்பி டெல்மர் ஓட்டுகிற சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பின்சீட்டுக்கு அடியில் டென்வரிலிருந்து கொண்டுவந்த போதைப் பொட்டலங்கள் இருந்தன. யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, "வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் இவன், "என் மகன்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்குச் சரியாக முழிப்பு வந்தது. மகன் எங்கே, பேர் என்ன, வயசு என்ன என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். மூடிய வாயை அவன் திறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர்கள் எழுதிக்கொண்டுவிட்டார்கள். பாழாய்ப்போன தூக்கம்!

பங்கிலேயே இருந்த கடைக்குள் காபி வாங்கிக்கொண்டிருந்த ஷெல்டன் போலீஸ் விளக்கைக் கண்டதும் பின்கதவு வழியாக இறங்கி, மேய்ச்சல் நிலத்தில் நடக்க ஆரம்பித்தவன், சாயங்காலம் நான் ஓட்டுகிற பள்ளிக்கூடத்து பஸ்ஸை நிறுத்துகிற இடத்துக்கு வந்து சேர்ந்தான். கையில் இன்னும் ஒரு காகித டம்ளர் இருந்தது. காபியெல்லாம் எப்போதோ கொட்டிப்போயிருந்தது. "அத்தை, அப்பாவப் புடிச்சிட்டாங்க" என்றான். நான் அவனை ஓங்கி ஓர் அறை விட்டேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். வண்டியில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தெரியும். இருபது வயதுக் கழுதைக்குத் தெரியாமல் இருக்குமா?

ஷெல்டன் எங்கள் மூத்த அண்ணன் ஆர்வலின் பிள்ளை. ஆர்வல் பனிக்காலத்து ரோட்டில் வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். புதைத்துவிட்டு வந்து எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, டெல்மர் பையனின் பூட்ஸைக் கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தான். அதைப் பெரிய காரியம் என்று யாரும் சொல்லவில்லை. லக்கோட்டாப் பழங்குடிக்காரர்களான எங்களுக்கு அண்ணன் பிள்ளை என்று தனியாகப் பிரித்துச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. ஆணுக்கு அண்ணன் தம்பி பிள்ளை மகன்தான். அப்பாவோடு பிறந்தவர் அப்பாதான். எனக்கு இரண்டு பேர் பிள்ளைகளும் மருமகன்கள்.

ஆனால் தண்டனைக்கு முன்னால் அறிக்கை எழுதுகிற அதிகாரி ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பிறப்புப் பதிவைப் பார்த்தார். டெல்மருக்கு ஒரே மகன், ரைலன், வயது பதினாலு. எங்கள் பக்கத்தில் பதினாலு வயதில் வண்டி ஓட்டாத பையன் யார்? அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபெடரல் கோர்ட்டில் தண்டனைக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். குற்றத்துக்கு இத்தனை படி என்று கணக்கு. படி ஏற ஏற வருஷம் ஏறும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையைக் குற்றத்தில் பயன்படுத்தினால் இரண்டு படி கூடுதல். எழுதி வைத்துவிட்டார் மனுஷன். எட்டு வருஷத்துக்குள் முடிய வேண்டியது பத்தாகிவிட்டது.

குற்றம் செய்யவில்லை என்று டெல்மர் சொல்லவில்லை. கிணறு தோண்டுகிற வேலையில் முதுகு போய், மாத்திரை தின்று, மாத்திரை போய்ப் பொடி வந்து, கடைசியில் அடுத்தவனுக்கு மூட்டை தூக்குகிற நிலைமைக்கு வந்தவன். செய்ததை ஒத்துக்கொண்டான். தன் மகனைக் கூட்டிக்கொண்டு போய் விஷம் விற்றான் என்று எழுதியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

தண்டனை சொல்கிற நாளில் நானும் ஷெல்டனும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டெல்மருக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஓபெர்க் என்ற பெண், குட்டையாக, சளி பிடித்த குரலில் பேசுகிறவர். அவர் எழுந்து, அன்றைக்கு வண்டியில் இருந்தது ரைலன் இல்லை, அந்த இரண்டு படியை எடுக்க வேண்டும் என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி டெல்மரைப் பார்த்தார். "மிஸ்டர் கிரே ஹாக், உங்களுக்கு எத்தன பசங்க?"

"ரெண்டு பேருங்கய்யா."

"இங்க ஒரு பையன்தான போட்டிருக்கு? இன்னொருத்தர் யாரு?"

டெல்மர் தரையைப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் ஷெல்டன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். நான் அவன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். யார் என்று சொன்னால், அடுத்த நிமிஷமே அரசுத் தரப்பு வக்கீல் திரும்பிப் பார்த்திருப்பார். ஓட்டினவனுக்கும் அதே குற்றம், அதே அட்டவணை.

"சொல்ல விருப்பமில்லையா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப நீங்க போலீஸ்கிட்ட சொன்னதத்தான் நான் எடுத்துக்க முடியும்" என்றார் நீதிபதி. பத்து வருஷம். கூடவே, கோர்ட் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னப் பையனோடு போனிலோ கடிதத்திலோ தொடர்பு கூடாது என்றும் ஓர் உத்தரவு. அப்பனிடமிருந்து பிள்ளையைப் பாதுகாக்கிறார்களாம்!

அந்த வாரமே ரைலனின் அம்மா ஜனெல் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க தம்பி பெரிய தியாகி, இல்ல? அவரு அண்ணன் பிள்ளையக் காப்பாத்துறதுக்கு எம்பிள்ளைய எழுத வெச்சிட்டாரு."

"அவனா எழுத வெச்சான்? அவங்களா எழுதினாங்க."

"இல்லன்னு சொல்ல வாய் வரலயே! பள்ளிக்கூடத்துல பசங்க என்ன கேக்குறாங்க தெரியுமா ரைலன? 'உனக்கு எவ்வளவு பங்கு குடுத்தாரு உங்கப்பா'ன்னு கேக்குறாங்க. அவங்க கிளம்பின அன்னிக்குக் காலையில ஷெல்டன் சாவிய எடுத்துட்டுப் போனத எம்பையன் ஜன்னல்ல நின்னு பாத்தான் அண்ணி. பாத்தத சொல்லக் கூடாதுன்னு வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கான். பதினாலு வயசுக்கு இது தேவையா?"

வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள் நான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே, என்ன சொல்வது? அந்த மாதமே அவள் பையனைக் கூட்டிக்கொண்டு மினியாபொலிஸில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் ஓபெர்க். யார் பெயரையும் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு டெல்மர் கையெழுத்துப் போட்டான். வக்கீலம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். "நிரூபிக்க வேண்டியது அவங்க வேலைங்க. வண்டியில யாரு இருந்தாங்கன்னு உங்க தம்பி சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. சின்னப் பையன் இருந்தான்னு அவங்கதான் காட்டணும். அவங்க கையில இருக்கறது ஒரு வார்த்தை. அத வெச்சு ரெண்டு படி ஏத்தியிருக்காங்க. அது தப்பு."

"அந்த இன்னொரு மகன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார். பிறகு என்னோடு வந்திருந்த ஷெல்டன் பக்கம் திரும்பி, குளிராயிருக்கிறது, கோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவரை அப்போதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

டெல்மர் பிடிபட்ட நாளிலிருந்து ஷெல்டன் போதையைத் தொடவில்லை. கோடையில் காட்டுத்தீ அணைக்கிற குழுவில் சேர்ந்தான். புகை நாற்றத்தோடு வந்து என் சோபாவில் விழுவான். "அத்தை, நான் போய்ச் சொல்லிடறேன்" என்று ஆரம்பிப்பான். "சொல்லிட்டு?" என்று கேட்பேன். "அப்பா வெளிய வருவாரு." "ரெண்டு வருஷம் முன்னாடி வருவான், நீ எட்டு வருஷம் உள்ள போவ. நல்ல கணக்கு! தீயணைக்கிற எடத்துல மூளையவும் சேத்து அணைச்சிட்டாங்களா?" என்று திட்டுவேன். டெல்மர் வக்கீல் மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவனை விடாமல் பிடித்து வை, அக்கா. நானும் பிடித்து வைத்தேன். ஆனால் ஷெல்டனைத் திட்டுகிற ஒவ்வொரு தடவையும் ரைலன் நினைவு வந்துவிடும். அவனும் என் மருமகன்தானே? ஒரு கையில் இவனைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கையால் அவனை எப்படிப் பிடிப்பது?

மேல் கோர்ட்டு செயின்ட் பாலில். ஷெல்டனும் நானும் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த வயதான அம்மாள் ஓபெர்க்கிடம், "மகன் என்றால் மகன்தானே, வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?" என்று கேட்டார். லக்கோட்டா முறையில் அண்ணன் தம்பி பிள்ளைகளும் மகன்தான், அந்தக் குடும்பத்தில் அப்படி எத்தனையோ மகன்கள் இருக்கலாம் என்றார் ஓபெர்க். எத்தனையோ என்று அவர் சொன்னபோது எனக்கு உயிரே வந்தது. யாரையும் காட்டாமல் எவ்வளவு அழகாகச் சொன்னார்!

அரசு வக்கீல் எழுந்தார். இளைஞர், நல்ல கோட்டு. "அவர் லக்கோட்டாவில் சொல்லவில்லை. இங்கிலீஷில் சொன்னார். இங்கிலீஷில் மகன் என்றால் மகன்தான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் தினமும் பேசுவதே இங்கிலீஷ்தான் ஐயா! எங்கள் பாட்டனை விடுதிப் பள்ளிக்கூடத்தில் போட்டு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தீர்கள், நாங்களும் கற்றுக்கொண்டோம். வார்த்தை உங்களுடையது, முறை எங்களுடையது. எழுந்து கத்திவிடலாம் போல இருந்தது. ஷெல்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெயிச்சிட்டோம்" என்று வசந்தத்தில் ஓபெர்க் போன் பண்ணினார். ஒரு வார்த்தையை மட்டும் வைத்துப் படியை ஏற்றியது தவறு, தண்டனை ரத்து, திரும்ப விசாரித்துச் சொல்லுங்கள் என்று தீர்ப்பு. நான் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுக் குதித்தேன். உள்ளே இருந்த வாண்டுகளெல்லாம் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

"ஆனா" என்றார் ஓபெர்க். இந்த வக்கீல்களிடம் எப்போதும் ஓர் ஆனா இருக்கும். "கீழ் கோர்ட்டுல அவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. நிரூபிக்கப் பாப்பாங்க. ரைலன சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்க."

பையன் கூண்டில் ஏறினால் உண்மையைத்தான் சொல்வான். நான் இல்லை என்பான். அப்படியானால் யார் என்று கேட்பார்கள். ஜன்னலில் நின்று பார்த்தவன் அவன். ஜனெலுக்குப் போன் போட்டேன். "எம்பையன் பொய் சொல்ல மாட்டான் அண்ணி. சொல்லவும் விட மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். தன் வாயால் தன் அண்ணனைக் காட்டிக்கொடுத்தோம் என்று அந்தப் பிள்ளை காலம் பூரா தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

விசாரணை நாளன்று ரைலன் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கழுத்து நீண்டு, டெல்மரின் தாடை வந்திருந்தது. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. ஷெல்டனைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணா" என்றான். ஷெல்டன் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டான். "பயப்படாதடா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது" என்றான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சாட்சி என்பதால் ரைலனும் ஜனெலும் வெளியே இருக்க, நாங்கள் உள்ளே போனோம். டெல்மரை ஆரஞ்சு உடையில் கூட்டிவந்தார்கள். இளைத்திருந்தான். அரசு வக்கீல் எழுந்து, "எங்கள் சாட்சி ரைலன் கிரே ஹாக்" என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது.

"அவனக் கூப்பிடாதீங்க" என்றான் ஷெல்டன். நின்றுகொண்டிருந்தான். "அந்த மகன் நான்தான். நான்தான் ஓட்டினேன்."

கோர்ட்டுக் காவலர் இரண்டடி முன்னால் வந்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "தம்பி, உக்காருங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தையும் பேசாதீங்க. மொதல்ல ஒரு வக்கீலப் பாருங்க" என்றார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் டெல்மரைப் பார்த்தார்.

"மிஸ்டர் கிரே ஹாக், இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

ஓபெர்க் அவசரமாக எழுந்து, தன் கட்சிக்காரர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். டெல்மர் அவரைத் தடுத்தான். அன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பி ஷெல்டனைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எங்கண்ணன் பையனுங்கய்யா."

"உங்க மகன் இல்லையா?"

"இல்லீங்கய்யா. அவன் என் மகன் இல்ல. அவங்கப்பா செத்துட்டாரு. பாவம், எம்மேல உள்ள பாசத்துல ஏதோ ஒளர்றான். அவன் அன்னிக்கு அங்க இல்ல."

"போன தடவ ரெண்டு மகன்னு சொன்னீங்களே?"

"பொய்ங்கய்யா. தப்பிச்சுக்கலாம்னு சொன்னேன். எனக்கு ஒரே மகன்தான்."

அரசு வக்கீல் சும்மா இருப்பாரா? "அப்ப போலீஸ்கிட்ட மகன்னு சொன்னது?"

"சொன்னது சொன்னதுதான். மாத்திச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்தப் பையன உள்ள கூப்பிட வேண்டாங்கய்யா, உங்கள கெஞ்சிக் கேக்கறேன்."

ஓபெர்க் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஒன்றரை வருஷம் அவர் எழுதி, பேசி, சளியோடு இருமி ஜெயித்ததை என் தம்பி நாலு வாக்கியத்தில் தோற்றுவிட்டான். ஓட்டியது மகன், மகன் ஒருவன்தான் என்று கட்சிக்காரரே சொல்லிவிட்ட பிறகு சாட்சி எதற்கு என்று அரசு வக்கீல் உட்கார்ந்துகொண்டார். இரண்டு படியும் திரும்ப ஏறியது. அதே பத்து வருஷம். ரைலனோடு பேசக் கூடாது என்ற உத்தரவும் அப்படியே நின்றது. ஷெல்டன் பெஞ்சில் குனிந்து, வயிற்றில் உதை வாங்கினவனைப் போல மடங்கிக் கிடந்தான். பத்து வருஷம் என்றதற்கு அல்ல. என் மகன் இல்லை என்று நாலு பேர் முன்னால் டெல்மர் சொன்னதற்கு. எங்களில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. செத்தவனைக்கூட நாங்கள் அப்படி அறுத்துவிட மாட்டோம்.

டெல்மரைப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப்போய்விட்டார்கள். வராந்தாவில் ரைலன் எழுந்து நின்று, "அத்தை, என்னைய எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றேன். "அப்ப அப்பா இந்தப் பக்கமா வருவாரா?" என்றான். ஜனெல் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பையனின் தோளில் கை வைத்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஷெல்டன் மேல் கை வைப்பார்களா என்று ஓபெர்க்கிடம் கேட்டேன். "அந்தப் பையன் சொன்னது மட்டும் பத்தாது. உங்க தம்பி அந்தப் பேச்ச மாத்தாத வரைக்கும் அவங்களுக்கு ஆதாரம் இல்ல. அவரு இத எப்பவும் மாத்திடக் கூடாது. எங்கயும், யாருகிட்டயும்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு தன் காருக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் போன் அடித்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஷெல்டன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். இது சிறையிலிருந்து வரும் அழைப்பு, நீங்கள் பேசுவது பதிவு செய்யப்படுகிறது என்று அந்த இயந்திரக் குரல் சொல்லி முடித்தது.

"அப்பா" என்றான் ஷெல்டன்.

என் கையில் சோப்பு நுரை. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

"யாரு, ஷெல்டனா?" என்றான் டெல்மர். குரலில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டிருந்தான். "அப்பான்னு கூப்பிடறியே, பழக்கதோஷமா? அங்கிள்னு கூப்பிடுப்பா. நான் உன் அங்கிள்தான?"

ஷெல்டன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

"சரி அங்கிள்" என்றான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அங்கிள்."

"நல்ல பையன்" என்றான் டெல்மர். அப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. இயந்திரம் அதையும் பதிவு செய்துகொண்டிருந்தது.